மூன்று கொட்டேஷன்களும் ஒரு பழைய லேண்ட்லைன் எண்ணும்

கடைக்குப் புதுத் தொலைபேசி ஏற்பாடு செய்யக் கேட்டு வாங்கிய மூன்று கொட்டேஷன்களையும் சித்தப்பா மேசையில் விரித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில் தமிழ் எந்த வரியில் இருக்கிறதம்மா?" என்று கேட்டார். கடைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தவிர எந்த வரியிலும் இல்லை. எஸ்ஐபி டிரங்க், ஹோஸ்டட் பிபிஎக்ஸ், எஃப்எக்ஸ்ஓ, பிஓஇ ஸ்விட்ச், ஸ்டாடிக் ஐபி, கியூஓஎஸ், எஸ்எல்ஏ என்று ஒரே எழுத்துக் கூட்டம். நாற்பது ஆண்டுகளாகப் பித்தளை வியாபாரம் செய்கிறவர் அவர். செம்பில் துத்தநாகம் கொஞ்சம் கூடிப்போனாலும் விளக்கைத் தட்டிப் பார்த்த ஒலியிலேயே சொல்லிவிடுவார். இந்தத் தாள்கள் எப்படித் தட்டியும் ஒலிக்கவில்லை.

எங்களுடையது குத்துவிளக்கு, பாத்திர மொத்த வியாபாரம். கடை கும்பகோணத்தில் இருக்கிறது. பின்கட்டைத் தாண்டி, சந்துக்கு அப்பால் குடோன். பட்டறை சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி நாச்சியார்கோவிலில். கணக்கு வழக்கும், கணக்கோடு சேர்ந்து வரும் எல்லாத் தொல்லைகளும் என் பொறுப்பு. பழைய இண்டர்காம் பெட்டி ஐப்பசி மழையில் இடி தாக்கிச் செத்துப்போனது. அதற்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. புதிதாக என்ன போடலாம் என்று மூன்று பேரிடம் கேட்டோம். மூவரும் மூன்று உலகங்களை எழுதி அனுப்பினார்கள்.

டெல்டாவில் அரிசி ஆலை, பட்டு ஜவுளி, கல்யாண மண்டபம், உரக்கடை என்று பலரும் இதே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். முடிவின் பாதியை இப்போதே சொல்லிவிடலாம். வசதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மூன்று தாள்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. எது எப்போது ஊமையாகும் என்று கேட்ட பிறகுதான் மூன்றுக்கும் முகம் வந்தது.

முதலில் பாதை

இரண்டாவது, மூன்றாவது தாள்களின் அடிப்படை ஒன்றுதான். குரலை எண்களாக மாற்றி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, இணையம் வழியே அனுப்புவது. விஓஐபி என்று எழுதியிருப்பது இதைத்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை 'வாய்ப்' என்றே சொல்கிறார்கள். வாயோடு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, அப்படியே இருக்கட்டும்.

குரலை எண்ணாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பெரும்பாலும் இரண்டு பெயர்கள் கண்ணில் படும். ஜி.711 குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்ற வழக்கமான கணக்கில் நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், முகவரி எழுதிய உறை 40 பைட். ஆக ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்கு 80 கிலோபிட். ஜி.729 குரலை நன்றாகப் பிழிந்து 20 பைட்டாக்கிவிடுகிறது. உறை மட்டும் அதே 40 பைட்டாக நிற்கிறது. கடிதத்தைப் போல் இருமடங்கு கனத்தில் உறை! அப்படியும் மொத்தம் 24 கிலோபிட்தான்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் கடையில் கார்த்திகைக்கு முன்பும் முகூர்த்த மாதங்களிலும் ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினால் அதிகம். பத்து என்றே வைத்துக்கொண்டாலும், ஜி.711 முறையில்கூட 800 கிலோபிட் போதும். ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. இதற்குத்தான் ஒரு விற்பனையாளர் 100 மெகாபிட் போதாது, 200 மெகாபிட் வாங்குங்கள் என்று அரை மணி நேரம் பேசினார்.

வேகம் தட்டுப்பாடில்லை என்றால் குரல் ஏன் வெட்டி வெட்டிக் கேட்கிறது? இதை ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவருக்குச் சொல்வது எளிது. பேண்ட்வித் என்பது வாய்க்காலின் அகலம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள் என்பதால் அன்றைக்கே கடைமடையில் நாற்றங்கால் நனைந்துவிடாது. அந்தத் தாமதம் லேட்டன்சி. முறை வைத்து விடும் தண்ணீர் ஒரு நாள் விடியலிலும் மறுநாள் நடுராத்திரியிலும் வந்தால், மடை திறக்கக் காத்திருப்பவர் பாடு திண்டாட்டம். அந்த ஒழுங்கின்மை ஜிட்டர். வழியில் கரை உடைந்து வயலுக்கு வந்தே சேராத தண்ணீர், பாக்கெட் லாஸ். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாம் கடைமடையா, தலைமடையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்" என்றார். மூன்று விற்பனையாளர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அளவுகோல் இருக்கிறது. ஒரு வாயிலிருந்து மறு காதுக்குப் போகும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஜிட்டர் 30 மில்லிநொடிக்குள், இழப்பு நூற்றில் ஒன்றுக்குள் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லும் வரம்பு. கும்பகோணத்திலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒன்றரை மில்லிநொடியில் சென்னையைத் தொட்டுவிடலாம். தாமதத்துக்குத் தூரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வழியில் வரிசையில் நிற்பதுதான் காரணம்.

வீட்டு ஃபைபரில் அந்த வரிசை எப்படி உண்டாகிறது என்பதை நாச்சியார்கோவில்காரருக்குச் சொல்வது இன்னும் எளிது. அங்கே கோவிலின் கல் கருடன் சிலை புறப்பாட்டில் தூக்குகிற ஆள் 4, 8, 16, 32, 64 என்று கூடிக்கொண்டே போகும். ஃபைபரிலும் அப்படித்தான். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி பிரித்துப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு, வரும் திசையில் சுமார் 2.5 கிகாபிட், போகும் திசையில் 1.25 கிகாபிட். கருடனுக்கு ஆள் கூடினால் பாரம் பகிரப்படும். இங்கே பங்கு குறையும்.

நாங்கள் செய்த சோதனைக்குப் பைசா செலவில்லை. ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கணினியில் நூறு முறை ஓடவிட்டோம். காலை 11 மணிக்கு ஒரு முறை, தெரு முழுவதும் வீடுகளில் படம் பார்க்கிற இரவு 8 மணிக்கு ஒரு முறை. காலையில் நூறும் ஒரே சீராக வந்தன. இரவில் நூற்றுக்கு நான்கு வரவே இல்லை. எங்கள் வியாபாரம் இரவு ஏழரை மணிக்கு மேல் மந்தம்தான் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். மண்டபக்காரருக்கும் உணவகத்துக்கும் அப்படி முடியாது. இரவு எட்டு மணி அவர்களுக்குத் தலைவாழை இலை போடும் நேரம்.

எனக்கே என்று தனிப் பாதை வேண்டும் என்பவருக்கு லீஸ்டு லைன் உண்டு. போகவும் வரவும் ஒரே வேகம், பங்காளி இல்லை. விலையைக் கேட்டோம், நன்றி சொல்லி வைத்துவிட்டோம். ஐம்பது பேர் உட்கார்ந்து நாள் முழுவதும் பேசும் இடத்துக்கு அது சரி.

கியூஓஎஸ் என்ற சொல்லில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். குரல் பொட்டலத்துக்கு முதல் மரியாதை கொடுக்கும்படி ரவுட்டரில் செய்யும் ஏற்பாடு அது. வேண்டியதுதான். கடையில் யாராவது பெரிய வீடியோவை அனுப்பும்போது பேச்சு திணறாமல் காக்கும். ஆனால் அது ஒரு கோவிலின் சிறப்பு தரிசன டிக்கெட் போன்றது. நம் ரவுட்டரைத் தாண்டிச் சாதாரண பிராட்பேண்டுக்குள் நுழைந்ததும் அந்த டிக்கெட்டைப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை.

முதல் தாள்: பழையபடியே

முதல் கொட்டேஷன் சாதாரண இபிஎபிஎக்ஸ். வெளி லைன்களை உள்ளே இருக்கும் போன்களுக்குப் பகிர்ந்து, அவற்றை ஒன்றோடொன்று பேசவும் வைக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச். பிபிஎக்ஸ் என்று வருவதெல்லாம் இதுதான். செத்துப்போன பெட்டியின் தம்பி. வெளியிலிருந்து இரண்டு லேண்ட்லைன், உள்ளே எட்டு எக்ஸ்டென்ஷன், அதாவது தனித்தனி எண் கொண்ட உள் போன்கள். மூன்றிலும் மலிவு இதுதான். எலக்ட்ரீஷியனே மாட்டிவிடுவார். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்லாவிலிருந்து குடோனுக்குப் பேசலாம். கடை ஒன்றே ஒன்று, வெளியூர்க் கிளை இல்லை, ஊர் ஊராய்ச் சுற்றும் ஆட்களும் இல்லை என்றால், இதற்கு மேல் படிக்காமல் இதையே வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அரிசி ஆலைக்கு இதுவும் இரண்டு செல்போன்களும் போதும்.

ஆனால் பழைய லேண்ட்லைனுக்கு இருந்த ஒரு குணம் இப்போது இல்லை. தாமிரக் கம்பியிலேயே எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. ஊரே இருண்டிருந்தாலும் போனை எடுத்தால் 'ங்ங்' என்ற ஒலி கேட்கும். இன்று லேண்ட்லைன் என்று புதிதாகக் கொடுப்பது பெரும்பாலும் ஃபைபர் வழியேதான். அதில் வருவது ஒளி. ஒளியால் மணி அடிக்காது. அந்த ஒளியை மின் குறிகளாக மாற்ற, சுவரில் மாட்டும் ஓஎன்டி பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். "லேண்ட்லைன் இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலை இல்லை" என்ற பழைய நம்பிக்கையில் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாம் தாள்: எக்ஸ்சேஞ்ச் நம் வீட்டில்

இது ஐபி பிபிஎக்ஸ். ஒரு சிறு பெட்டியைக் கடையில் வைப்பார்கள். போன்கள் எல்லாம் கணினிபோல நெட்வொர்க் கம்பியில் இணையும். வெளியுலகத்துக்கு எஸ்ஐபி டிரங்க். அதாவது தொலைபேசி நிறுவனம் கம்பிக்குப் பதிலாக இணையம் வழியே தரும் லைன். முன்பு பெரிய அலுவலகங்கள் பிஆர்ஐ என்று வாங்கினார்களே, அதில் ஒரு கம்பிக்கு 30 பேச்சு என்று கட்டாகத்தான் வாங்க முடிந்தது. எஸ்ஐபியில் ஐந்து வேண்டுமென்றால் ஐந்து, கார்த்திகைக்குப் பத்து. எஸ்ஐபி என்பது யார் யாரை அழைக்கிறார்கள், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்று பேசிக்கொள்ளும் மொழி மட்டுமே. குரல் ஆர்டிபி என்ற வேறு வண்டியில் போகிறது. இந்தப் பிரிவினை தெரிந்திருந்தால் ஒரு விசித்திர நோய் புரிந்துவிடும். மணி அடிக்கும், எடுப்போம், நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது நமக்குக் கேட்காது. பெரும்பாலும் ரவுட்டரில் நாட் என்ற முகவரி மாற்றம் குரல் வண்டிக்கு வழி தெரியாமல் செய்ததன் விளைவு அது. உதவுவதாகச் சொல்லிக்கொண்டு ரவுட்டரிலேயே இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்தாலே பாதி இடங்களில் குணமாகிவிடும்.

ஸ்டாடிக் ஐபி இந்தத் தாளில் ஏன் இருந்தது, மூன்றாவதில் ஏன் இல்லை என்று யோசித்தேன். பெட்டி நம் கடையில் இருந்தால் நாச்சியார்கோவில் பட்டறையும் வெளியூர் போன பையனின் செல்போனும் அதைத் தேடி வர வேண்டும். தேடி வர நிலையான விலாசம் வேண்டும். சாதாரண இணைப்பில் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். ரவுட்டரில் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவை நேரே தட்ட முடியாது.

கதவு திறந்தால் வேறு வினை. எஸ்ஐபியின் வழக்கமான வாசல் எண் 5060. அதை இணையத்தில் திறந்து வைத்தால் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் திருட்டு நிரல்கள் விரைவில் மொய்க்கும். உள்ளே புகுந்தால் இரவோடு இரவாக வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளுவார்கள், பில் நமக்கு வரும். எனவே ஐஎஸ்டியை நிறுவனத்திடமே சொல்லிப் பூட்டுங்கள். வெளி எக்ஸ்டென்ஷன்களை விபிஎன் என்ற மூடிய குழாய் வழியே மட்டும் கொண்டுவாருங்கள். பெட்டி நம்முடையது என்றால் காவலும் நம்முடையது. ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளை இலவசமாகவே எடுத்து, ஒரு பழைய கணினியில் நிறுவி, இதே வேலையைச் செய்துகொள்ளலாம். ஊரில் அதைக் கையாளத் தெரிந்த ஒருவர், அழைத்தால் வருபவர், இருந்தால் மட்டும்.

இந்தக் கொட்டேஷனில் ஒரு தவறும் இருந்தது. கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். 'நான்கு எஃப்எக்ஸ்எஸ்' என்று எழுதியிருந்தார்கள். எஃப்எக்ஸ்எஸ் என்பது சாதாரண போனைச் செருகும் வாய். அதிலிருந்து மின்சாரமும் மணியும் போனுக்குப் போகும். எஃப்எக்ஸ்ஓ என்பது வெளியிலிருந்து வரும் லேண்ட்லைனைச் செருகும் வாய். எங்களுக்கு வேண்டியது இரண்டு எஃப்எக்ஸ்ஓவும் ஒரு எஃப்எக்ஸ்எஸும். கடைசி எழுத்தில்தான் வித்தியாசம், பெட்டி வந்த பிறகு ஒன்றை மற்றதாக மாற்ற வழியில்லை.

கம்பி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நெட்வொர்க் கம்பிக்கு எல்லை 100 மீட்டர். எங்கள் கல்லாவிலிருந்து குடோனுக்குச் சந்து வழியே சுற்றி 140 மீட்டர். நடுவில் ஒரு ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, வைத்துத் தாண்டலாம் என்றார்கள். நான் ஃபைபர் கேட்டேன். காரணம் தூரம் மட்டுமில்லை, இடி. இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெட்டவெளியில் தாமிரத்தைத் தொங்கவிட்டால் மின்னல் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. பழைய பெட்டிக்கு நேர்ந்த கதியைப் பார்த்தவள் சொல்கிறேன்.

பிஓஇ ஸ்விட்ச் என்றால் நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரமும் அனுப்பும் ஸ்விட்ச். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் முறைப்படி ஒரு வாய்க்கு 15.4 வாட் வரை தரலாம். போனுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். மேசைக்கு மேசை பிளக் தேட வேண்டாம் என்று விற்கிறார்கள். எனக்குப் பிடித்த காரணம் வேறு. எல்லாப் போன்களுக்கும் மின்சாரம் ஓரிடத்திலிருந்து வருவதால் அந்த ஓரிடத்தில் இன்வெர்ட்டர் கொடுத்தால் போதும். ஓஎன்டி, ரவுட்டர், ஸ்விட்ச், எட்டுப் போன் எல்லாம் சேர்த்து சுமார் 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் கணக்குக்கு 1,800 வாட் மணி. பாதி கையில் கிடைத்தாலும் 15 மணி நேரம் ஓடும்.

மூன்றாம் தாள்: எக்ஸ்சேஞ்ச் வாடகைக்கு

கிளவுட் பிபிஎக்ஸ், ஹோஸ்டட் பிபிஎக்ஸ், விர்ச்சுவல் பிபிஎக்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. பெட்டி அவர்கள் தரவு மையத்தில் இருக்கும். நமக்கு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. போன் வாங்காமல் செல்போன் செயலியிலேயே எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூருக்கு வசூலுக்குப் போன பையனும் நாச்சியார்கோவில் பட்டறையும் கல்லாவும் ஒரே எண்ணுக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். ஸ்டாடிக் ஐபி வேண்டாம், 5060 வாசல் காவல் வேண்டாம். யார் எப்போது அழைத்தார், யார் எடுக்கவில்லை என்ற பட்டியல் தினமும் வரும். சித்தப்பாவுக்கு அந்தப் பட்டியல் மிகவும் பிடித்தது. கடைப் பையன்களுக்குப் பிடிக்கவில்லை.

ஐவிஆர் பற்றி ஒரு வார்த்தை. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், விளக்குக்கு இரண்டை அழுத்தவும்" என்று அடுக்கிக்கொண்டே போகலாம் என்றார்கள். எங்களை அழைப்பவர் கோவில் தர்மகர்த்தாவோ வெளியூர்ப் பாத்திரக் கடைக்காரரோ. அவருக்கு மனிதக் குரல் வேண்டும். இயந்திரம் பேசினால் வைத்துவிட்டு அடுத்த கடையை அழைப்பார். ரிங் குரூப் என்ற எளிய ஏற்பாடு எங்களுக்குப் போதும். அழைப்பு வந்தால் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும், முதலில் எடுப்பவர் பேசுவார்.

விலையை ஒப்பிடும்போது முதல் மாதத்தைப் பார்த்தால் கிளவுட் சிரிக்கும். எங்கள் பதினோரு எக்ஸ்டென்ஷனுக்கு மூன்றாண்டு வாடகையைக் கூட்டியபோது இரண்டாவது தாளின் மொத்த விலையைத் தொட்டது. நான்காம் ஆண்டு முதல் பெட்டி லாபம், பெட்டி உயிரோடிருந்தால். ஆள் குறைவானவருக்கும், ஆள் கூடிக் குறைகிறவருக்கும் வாடகையே நல்லது. பருவத்துக்குப் பத்துப் பேரைச் சேர்த்து, முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

எஸ்எல்ஏ என்ற தாளில் 99.5 சதவீதம் இயங்கும் என்று உத்தரவாதம் எழுதியிருந்தது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் அரை சதவீதம் 43.8 மணி. அதாவது அவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஊமையாக இருந்தாலும் வாக்குத் தவறியவர்கள் ஆகமாட்டார்கள். 99.9 என்றால் 8.76 மணி. புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை அலட்சியமாகப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு என் பேரேட்டில்கூட இல்லை. அந்த உத்தரவாதமும் அவர்கள் தரவு மையத்துக்குத்தான். நம் தெருக்கம்பத்துக்கு இல்லை.

பிளக்கைப் பிடுங்கிய நாள்

பேசிப் பேசி அலுத்துப்போய், இரண்டாவது, மூன்றாவது ஆட்களை ஒரே நாளில் செய்து காட்டச் சொன்னோம். முதலில் ஃபைபர் கம்பியை மட்டும் பிடுங்கினேன். கிளவுட் போன்கள் அப்படியே செத்தன. கல்லாவிலிருந்து முப்பதடி தள்ளியிருக்கும் பின்கட்டைக்கூட அழைக்க முடியவில்லை. அந்த அழைப்பை நடத்தி வைக்க வேண்டிய எக்ஸ்சேஞ்ச் வேறு ஊரில் இருக்கிறதே. ஆனால் வெளியிலிருந்து அந்தக் கிளவுட் எண்ணை அழைத்தபோது, நாலைந்து மணிக்குள் சித்தப்பாவின் செல்போன் ஒலித்தது. இரண்டாவது ஆளின் பெட்டி நேர்மாறு. உள்ளே கல்லாவும் குடோனும் எதுவுமே நடக்காததுபோலப் பேசிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து அழைத்தவருக்கோ தொடர்புகொள்ள இயலவில்லை என்ற அறிவிப்பு.

"அழைப்பைச் செல்போனுக்குத் திருப்பும் வசதி உங்கள் பெட்டியிலும் இருக்கிறது என்றீர்களே?" என்று கேட்டேன். இருக்கிறதாம். பெட்டி உயிரோடு இருக்கும்போது பெட்டியே திருப்புமாம். இந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். அழைப்பைத் திருப்புவது நம் பெட்டியா, நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சா? நம் பெட்டி என்றால், எப்போது அது மிகவும் தேவையோ அப்போது அது இருக்காது.

இரண்டு இணைப்பு வாங்கி, ஒன்று அறுந்தால் மற்றதற்குத் தானாக மாறும் ரவுட்டர் வைக்கலாம். ஃபெயில்ஓவர் என்பது அதுதான். மாறும்போது முகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் பேச்சு அறுந்துவிடும், மறுபடி அழைக்கலாம். ஆனால் இரண்டு கம்பெனியின் கம்பியும் ஒரே கம்பத்தில் தொங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் தொங்கின. ஒரு லாரி போதும்.

எல்லாவற்றையும் தாங்கும் ஏற்பாடு என்று ஒன்று இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்தப் பக்கம் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. முத்துப்பேட்டைப் பக்கத்து வியாபாரி ஒருவர் ஆளை அனுப்பித்தான் செய்தி சொன்னார். அந்த அளவுக்கு எந்தக் கொட்டேஷனும் தாங்காது. நாம் ஒப்பிட வேண்டியது மழைக்கால மாலையின் மூன்று மணி நேர மின்வெட்டையும், ஜேசிபி தோண்டி அறுத்த கம்பியையும்தான்.

எண் யாருடையது

எங்கள் 0435 எண் பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், துணிப்பையில், இருபது ஆண்டு நாள்காட்டிகளில் இருக்கிறது. செல்போன் எண்ணை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப் போகலாம். லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி நடைமுறையில் இல்லை. கிளவுட் ஆளிடம் "இந்த எண்ணை உங்களிடம் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டேன். புதிதாக ஓர் எண் தருகிறோம், பழைய எண்ணிலிருந்து திருப்பிவிடுங்கள் என்றார். சரி, ஆனால் திருப்பிவிடும் ஒவ்வோர் அழைப்புக்கும் யார் காசு கொடுப்பது என்று எழுதி வாங்க வேண்டும். அந்தப் புதிய எண்ணும் வாடகையை நிறுத்தினால் நமக்குத் தங்குமா என்பதையும்.

எண்ணைத் தரும் நிறுவனம் உரிமம் பெற்றதா என்றும் பாருங்கள். இணையத்திலிருந்து சாதாரணத் தொலைபேசிக்குப் பேசும் சேவையை உரிமம் பெற்ற நிறுவனங்கள் தரலாம் என்பதற்கு 2018-ல்தான் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளில் தெளிவான வழி செய்தது. உரிமமில்லாமல், சிம் அட்டைகளை அடுக்கிய பெட்டி வைத்து மலிவு விலையில் லைன் தருகிறோம் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது குற்றம். விசாரணை வந்தால் கடைக்கும் வரும்.

எல்லாம் பார்த்த பிறகு நாங்கள் எந்தத் தாளையும் முழுதாக எடுக்கவில்லை. கடையில் இரண்டாவது ஆளின் சிறிய பெட்டி, எஸ்ஐபி டிரங்க் இல்லாமல். கடைக்கும் குடோனுக்கும் நடுவே ஃபைபர். 0435 எண் அதே நிறுவனத்தில் தாமிரத்திலிருந்து ஃபைபருக்கு மாறி, எஃப்எக்ஸ்ஓ வாய் வழியே பெட்டிக்குள் வருகிறது. மூன்றாவது ஆளிடம் கிளவுட் எண் ஒன்று, நான்கு பேருக்கு மட்டும். வெளியே சுற்றும் இருவருக்கு, பட்டறைக்கு, எனக்கு. கடை லைன் செத்தால் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சே அழைப்பைக் கிளவுட் எண்ணுக்குத் திருப்பும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். மண்டபம் நடத்துபவர் என்னைக் கேட்டால் முழுக் கிளவுட் போடச் சொல்வேன். அவருக்கு உள்ளே பேச வேண்டிய தேவை குறைவு, வெளியிலிருந்து வரும் ஓர் அழைப்பு தவறினால் ஒரு முகூர்த்தமே போய்விடும். திருபுவனம் பக்கம் பட்டுக் கடையும் பின்னால் தறிக்கூடமுமாக இருப்பவர் எங்களைப் போலவே கலந்து போடலாம்.

எஃப்எக்ஸ்எஸ் வாய் ஒன்று கேட்டேனே, அது சித்தப்பாவின் சிவப்பு போனுக்கு. பட்டன் இல்லாத, விரலால் சுழற்றும் போன். சுழற்றி அழைத்தால் புதுப் பெட்டிக்குப் புரியவில்லை, வருகிற அழைப்பை எடுத்துப் பேச மட்டும் முடிகிறது. அழைக்க வேண்டுமானால், "மருதுவுக்குப் போடம்மா" என்று என்னிடம் சொல்கிறார். பட்டறை மேஸ்திரி மருதுவின் எக்ஸ்டென்ஷன் 21. வெள்ளிக்கிழமை நாச்சியார்கோவில் கம்பத்திலிருந்து பட்டறைக்குக் கம்பி இழுக்க வருகிறார்கள். அதுவரை 21 அவருடைய செல்போனில்தான் அடிக்கும்.